தொக் கல்லாகிவிட்டதா, கரைந்துவிட்டதா, வெடித்துவிட்டதா? கொரிய அரிசி கேக்கின் கோளாறுகளும் கைவைத்தியமும்

தென் கொரியாவின் சுவோன் நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் சந்தையில் இரண்டு கிலோ காரேதொக் வாங்கினேன். காரேதொக் என்றால் முழ நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும் அரிசிக் குழல். ஆவி பறக்கிற சூட்டில் ஒன்றைக் கடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மிச்சத்தைப் பத்திரமாக ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்து மேசையில் போட்டபோது ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. பெயருக்குப் பொருத்தம்தான்.

கெட்டுவிட்டது என்று நினைத்து அத்தனையையும் உணவுக்கழிவுத் தொட்டியில் கொட்டினேன். எங்கள் குடியிருப்பில் அந்தத் தொட்டி எடைக்குக் காசு வாங்கும். ஆக, காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே எறிந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தொக் இறுகுவது வேறு, ஊசிப்போவது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் கீழே உள்ள தொல்லைகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில், கையில் இருப்பது எந்தத் தொக்?

மருந்து சொல்வதற்கு முன் ஆளைத் தெரிய வேண்டுமே. விரல் தடிமனில் விரல் நீளத்துக்கு வெட்டிய உருளைகள் என்றால் தொக்பொக்கி என்கிற காரக் குழம்புப் பண்டத்துக்கானவை. சாய்வாக வெட்டிய முட்டை வடிவ வில்லைகள் தொக்கூக் என்கிற சூப்புக்கானவை. இரண்டுமே காரேதொக்கின் பிள்ளைகள்தான். நாள்தோறும் சோறு வடிக்கிற சாதாரணக் குட்டை அரிசியை ஊறவைத்து, ஈரமாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூட்டோடு இயந்திரத்தில் பிழிந்து எடுப்பார்கள்.

இதே வடிவத்தில் கோதுமை மாவில் செய்வதும் உண்டு. அதற்கு மில்தொக் என்று பெயர். அரிசியில் செய்தது ஸல்தொக். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கோதுமை வந்து குவிந்தது. அரிசி தட்டுப்பாடாக இருந்ததால் 1960-களில் அரசாங்கமே மாவுப் பண்டங்களைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. தெருக்கடைத் தொக்பொக்கியில் கோதுமை அப்படி வேரூன்றியதுதான். பள்ளிக்கூட வாசல் கடையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கும் மில்தொக்தான் அசல் என்று சண்டைக்கு வருவார்கள். என் ஓட்டு அரிசிக்கு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாங்குவதற்கு முன் பொட்டலத்தின் பின்பக்கப் பட்டியலைக் கட்டாயம் படிக்க வேண்டும். அரிசித் தொக் என்று பெயர் இருந்தும் கொஞ்சம் கோதுமை கலந்திருக்கலாம்.

மூன்றாவது வகை சப்ஸல் எனும் ஒட்டரிசியில் செய்த இனிப்புப் பண்டம். சோயா மாவில் புரட்டிய இன்ஜொல்மி இந்தக் குடும்பம். இது சமைப்பதற்கு அல்ல, அப்படியே சாப்பிடுவதற்கு.

ஃபிரிட்ஜில் வைத்தேன், கல்லாகிவிட்டது

இதுதான் அடிக்கடி வரும் புகார். காரணம் நமக்குத் தெரியாததல்ல. நேற்றைய கொழுக்கட்டையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். வேகும்போது நீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கிறது. இந்த இறுக்கம் அதிவேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில். கெடாமல் இருக்கட்டும் என்று நாம் வைக்கிற இடம்தான் அதைக் கல்லாக்குகிறது. உறைப்பெட்டியில் வைத்தால் இந்த வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். நன்றாகச் சூடாக்கினால் அடுக்கு கலைந்து பழையபடி இளகும்.

ஆகவே கல்லான தொக்கை எறியாதீர்கள். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு குழம்பிலோ சூப்பிலோ போட்டுக் கொதிக்க விட்டால் போதும். அவசரமென்றால் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம். மைக்ரோவேவ் என்றால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, அரை அரை நிமிடமாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் வைத்தால் ரப்பராகும், ஆறியதும் முன்னைவிடக் கெட்டியாகும்.

இன்னொரு விஷயம். தொக்கூக் செய்கிறவர்கள் காரேதொக்கை வேண்டுமென்றே ஒரு நாள் காயவிட்டு இறுக வைப்பார்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும். இறுகினால்தான் வில்லை வில்லையாக விழும். நான் தொட்டியில் கொட்டிய இரண்டு கிலோவும் சூப்புக்கு வெட்டுகிற பக்குவத்தில்தான் இருந்திருக்கிறது.

வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது

வெடிப்பு இரண்டு வகை. பொட்டலத்திலிருந்து எடுக்கும்போதே கீறல் விட்டிருந்தால் மேல்பகுதி காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்த பொட்டலத்தைச் சும்மா மடித்து வைப்பதும், உறைந்ததை மேசைமேல் வைத்து உலர்ந்த காற்றில் உருக விடுவதும் இதற்குக் காரணம். உறைந்த தொக்கைக் குளிர்ந்த நீரில் நேரடியாகப் போட வேண்டும். இருபது நிமிடத்தில் பிரிந்து, அரை மணிக்குள் தயாராகிவிடும். லேசான கீறல்கள் சமைக்கும்போது மூடிக்கொள்ளும்.

பாத்திரத்தில் கொதிக்கும்போது பிளந்தால் அது வேறு. ஐஸாக இருந்ததைக் கொதிநீரில் தள்ளியிருப்பீர்கள். வெளிப்பக்கம் உப்பும், உள்ளே இன்னும் விறைத்திருக்கும், நடுவில் பிளக்கும். கடித்தால் வெளியே கூழ், உள்ளே சுண்ணாம்புக்கட்டி. ஊறவைக்கிற அந்த அரை மணியை மிச்சம்பிடிக்கப் போய் வருகிற வினை இது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, தீயைக் குறைத்து, மூடி, நடுப்பகுதி இளகும்வரை விடுங்கள். அழகு போனாலும் சாப்பிடலாம்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்து நகத்தால் அல்ல, பல்லால் பாருங்கள். குறுக்கே கடித்தால் வெட்டுமுகம் முழுவதும் ஒரே நிறத்தில், லேசாகக் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். நடுவில் பால்வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

உறைப்பெட்டியில் ஒரே பாளமாக ஒட்டிக்கொண்டது

கத்தியால் குத்திப் பிரிக்க முயலாதீர்கள். என் இடது கட்டைவிரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. பாளத்தை அப்படியே தண்ணீரில் மூழ்கவிடுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

அடுத்த முறைக்கு: புதுத் தொக்கை வாங்கிய அன்றே, மென்மையாக இருக்கும்போதே உறைய வைக்க வேண்டும். ஒரு வேளைக்கான அளவு, இரண்டு பேருக்கு 300 கிராம், தனித்தனிப் பையில். துளி எண்ணெய் தடவி, ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடினால் பிரிந்தே இருக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்குச் சுவையில் பழுதில்லை. அதற்குமேல் கெடாது, ஆனால் ஐஸ் வாடையும் வறட்சியும் வரும்.

வெள்ளைத் திட்டு, புளிப்பு வாடை, சாராய வாடை: எறிவதா, வைப்பதா?

இங்கே அவசரப்படாமல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பென்று சாராய வாடை வந்தால் பயப்பட வேண்டாம். காற்றை உறிஞ்சி அடைத்த பொட்டலங்களில் கெடாமலிருக்க உணவுத்தர ஆல்கஹால் சேர்ப்பது வழக்கம். சிலவற்றில் அமிலத்தன்மைக்காக ஏதாவது சேர்ப்பார்கள், அதனால் மெல்லிய புளிப்பும் வரலாம். இரண்டு தண்ணீர் கழுவி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் பெரும்பாலும் போய்விடும். இந்த வாடையோடு குழம்பில் போட்டுவிட்டு மசாலா சரியில்லை என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கழுவிய பிறகும் புளித்த மாவு வாடை நின்றாலோ, தொட்டால் கொழகொழவென்று நூல்விட்டாலோ, ஊசிப்போய்விட்டது, எறியுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளி எதுவாக இருந்தாலும் பொட்டலம் முழுவதும் போக வேண்டியதுதான். பூசணம் பூத்த ஒன்றை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதைக் கழுவிச் சமைக்கிற வேலை வேண்டாம்.

வெள்ளைத் திட்டுதான் குழப்பும். உறைப்பெட்டியில் இருந்த தொக்கில் சுண்ணாம்பு தடவியதுபோல் இருந்தால் அது காய்ந்த இடம். நீரில் ஊறவைத்தால் மறையும். பஞ்சுபோல் எழும்பி, நீரிலும் மறையாமல் நின்றால் பூசணம்.

சந்தையில் வாங்கும் புதுத் தொக்கில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே தீர்ப்பது, இல்லையென்றால் உறையவைப்பது. கோடையில் இரவு முழுவதும் வெளியே இருந்ததை நம்ப வேண்டாம். திறந்த பொட்டலம் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். கொரியாவில் 2023 முதல் பொட்டலங்களில் ‘விற்க வேண்டிய கடைசி நாள்’ போய் ‘உண்ண வேண்டிய கடைசி நாள்’ வந்துவிட்டது. முன்பு தேதிக்குப் பிறகும் சில நாள் ஓட்டலாம் என்றிருந்த பழக்கத்தை இப்போது விட்டுவிடுவது நல்லது. அந்தத் தேதியும் பொட்டலம் திறக்காதவரைதான்.

வாங்கும்போதே கெட்டியாக இருந்தது

கடைக்குப் போக வேண்டிய நேரம் காலை. தொக் கடைகளும் பாங்அத்கன் எனும் அரவை ஆலைகளும் விடியும்முன்பே வேலையைத் தொடங்கிவிடும். எங்கள் சந்தையில் இருக்கும் பாங்அத்கனில் ஒரு பக்கம் மிளகாய் அரைபடும், இன்னொரு பக்கம் எள் வறுத்து எண்ணெய் பிழிவார்கள், நடுவில் தொக் இயந்திரம். நம்மூர் மாவு மில்லுக்குள் நுழைந்ததுபோல் மூக்கில் நெடி ஏறும். இயந்திரத்தின் வாயிலிருந்து இரட்டைக் குழலாக வெள்ளைத் தொக் இறங்கி நேராகக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் விழுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அந்தத் தண்ணீர். கடைக்கார அம்மா கத்தரிக்கோலால் நறுக் நறுக்கென்று ஒரே அளவில் வெட்டுகிறார், அளவுகோல் எதுவும் கிடையாது.

அவரிடம் என் இரண்டு கிலோ கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. “ஃபிரிட்ஜிலா வைத்தாய்?” என்று கேட்டுவிட்டு, தலையில் லேசாக அடித்துக்கொண்டார். பிறகு மாலையில் விற்காமல் தங்கிய கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதைப் பாதி விலைக்குக் கொடுக்கிறாராம், தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்குகிறார்களாம், சூப்புக்கு.

கையால் தொட முடிந்தால் அழுத்திப் பாருங்கள். குழிந்து மெல்ல மேலே வந்தால் அன்றைய தொக். பொட்டலமாக வாங்கினால் உள்ளே நீர்த்துளி தேங்கியிருக்கக் கூடாது, பை உப்பியிருக்கக் கூடாது. உறைந்த பொட்டலத்தில் பனித்தூள் நிறைய இருந்தால் வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கும், விட்டுவிடலாம். சென்னைப் பக்கம் கார் ஆலைகளையொட்டிக் குடியேறிய கொரியர்களுக்காக வந்த மளிகைக் கடைகளிலும் இது கிடைக்கிறது. அங்கே வாங்குகிறவர்கள் இந்தப் பனித்தூளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொக்பொக்கி: குழம்பு தனி, தொக் தனி

குழம்பு காரசாரமாக இருக்கிறது, தொக்கைக் கடித்தால் வெறும் மாவு. இதற்கு இரண்டு காரணம்: குழம்பைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய பிறகு கடைசியில் தொக்கைப் போட்டது, அல்லது தண்ணீரே பற்றாமல் போட்டது.

என் அளவு இது. 300 கிராம் தொக்குக்கு 450 மில்லி தண்ணீர். தலையும் குடலும் கிள்ளிய நெத்திலிக் கருவாடு ஏழெட்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கடற்பாசித் துண்டு ஒன்று. குடலைக் கிள்ளாவிட்டால் கசக்கும். பத்து நிமிடம் கொதித்ததும் இரண்டையும் எடுத்துவிட்டு, கோச்சுஜாங் எனும் கொரிய மிளகாய் விழுது இரண்டு மேசைக்கரண்டி, கோச்சுகாரு எனும் கொரிய மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒன்று, சர்க்கரை ஒன்று. கரைந்ததும், குழம்பு நீர்க்க இருக்கும்போதே தொக்கைப் போட வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் மிதமான தீ. தொக்கிலிருந்து மாவு இறங்கி, குழம்பு தானாகக் கெட்டிப்படும். அந்தப் பளபளப்புதான் அடையாளம். சோளமாவு எதற்கும் தேவையில்லை. மீன் கேக், வெங்காயத்தாள், அவித்த முட்டை எல்லாம் கடைசி நான்கு நிமிடத்தில்.

மில்தொக் என்றால் கூடுதலாகக் கொதிக்கலாம், குலையாது. நாள் முழுக்கத் தட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் தெருக்கடைக்கு அது தோதாக இருப்பது இதனால்தான். ஸல்தொக்கை அப்படி விட்டால் ஓரம் கரைந்து குழம்பு களியாகும்.

குழம்பு இன்னும் நீர்க்க இருந்தால் மூடியைத் திறந்து தீயைக் கூட்டுங்கள். களியாகிவிட்டால் வெந்நீர் அரைக் கரண்டி அரைக் கரண்டியாக. காரம் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றாமல் பால் அல்லது ஒரு துண்டு சீஸ். நம் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டுவிட்டு அழுகிறவர்களுக்கு: கோச்சுகாரு நிறத்துக்குப் பெரியவர், காரத்துக்கு நம்முடையதைவிடச் சின்னவர். கால் பங்கோடு நிறுத்துங்கள்.

அடிப்பிடிக்கிறது

கோச்சுஜாங்கில் இனிப்புப்பாகு இருக்கிறது, தொக் மாவு விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்? அகலமான, அடிகனமான வாணலி, மரக்கரண்டி, கடைசி ஐந்து நிமிடம் கைவிடாத கிளறல். பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தொக்கூக் கஞ்சியாகிவிட்டது

‘சொல்லால்’ எனும் சந்திரப் புத்தாண்டு அன்று இந்த சூப் இல்லாத வீடு இல்லை. ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடும் என்பது வழக்கு. வயதைப் புத்தாண்டில் கூட்டாமல் பிறந்தநாளில் கூட்டும்படி 2023 ஜூனில் சட்டம் மாறிய பிறகும் பாட்டிகள் ‘எத்தனை கிண்ணம் ஆச்சு?’ என்றுதான் கேட்கிறார்கள்.

வில்லைகள் மெல்லியவை, மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். மேலே மிதந்தால் முடிந்தது. விருந்தாளி வருவதற்கு முன்பே போட்டு வைத்தால் சூப்பைக் குடித்து ஊதிக் கரையும். சூப்பைத் தயாராகக் கொதிக்க வைத்துவிட்டு, ஆட்கள் உட்கார்ந்த பிறகு தொக்கைப் போடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் தொக்கைத் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் சேருங்கள்.

இன்ஜொல்மி வகை ஒட்டரிசித் தொக்கை சூப்பில் போட்டுக் கரைந்துவிட்டது என்றால், அது தொக்கின் தவறல்ல.

எண்ணெயில் வெடித்தது

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குச்சியில் கோத்துப் பொரிக்கும் தொக்கொச்சி ஆசையில் பலர் சூடான எண்ணெயில் தொக்கைப் போடுகிறார்கள். கோகுலாஷ்டமிச் சீடை வெடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேலே தோல் இறுகிவிடும், உள்ளே நீர் ஆவியாகி வழியில்லாமல் அடைபடும், அப்புறம் பட்டென்று ஒரு சத்தம். எண்ணெய் முகத்துக்கு வரும்.

ஊசியால் குத்தினால் போதும் என்பார்கள். முழுக்க நம்ப வேண்டாம். ஆழமான எண்ணெயே வேண்டாம். ஊறவைத்த தொக்கைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, தவாவில் இரண்டு கரண்டி எண்ணெய், குறைந்த தீ, உருட்டி உருட்டிச் சுடுங்கள். ஓரம் பொன்னிறமானதும், உப்பத் தொடங்கும்முன் எடுத்துவிட வேண்டும். வலைமூடி இருந்தால் கைகொடுக்கும். ஏர் ஃபிரையரிலும் வெடிக்கும், எண்ணெய் இல்லாததால் ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

எந்த வகையில் சமைத்தாலும் சின்னக் குழந்தைகளுக்கும் பல் போன பெரியவர்களுக்கும் பட்டாணி அளவுக்கு நறுக்கிக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். வழுக்கி உள்ளே போய் மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய பண்டம் இது.

வீட்டிலேயே செய்தேன், உதிர்கிறது

இடியாப்ப மாவில் செய்திருப்பீர்கள். வறுத்த மாவுக்குப் பிடிப்புக் குறைவு. நம் நீள அரிசி வகைகள் பொதுவாக ஆறினால் விறைக்கிற குணம் கூடியவை. உதிரி உதிரியாகச் சோறு வேண்டும் என்று நாம் தேடுவதே அந்தக் குணத்தைத்தானே. குட்டை அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரமாவாக அரைத்து, உப்புப் போட்டுப் புட்டுப் பதத்தில் பிசிறி, இருபது நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். முக்கியமான கட்டம் அதன் பிறகுதான். கை சுடச் சுட, நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு, மாவு வழவழவென்று இழுபடும்வரை அடித்துப் பிசைய வேண்டும். ஆறவிட்டுப் பிசைந்தால் கட்டாயம் உதிரும். கை தாங்காவிட்டால் உலக்கை, அல்லது மாவு பிசையும் இயந்திரம்.

மறுநாள் மிச்சத்தில் குழம்பையே காணோம்

தொக் குடித்துவிட்டது. கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, குறைந்த தீயில் ஐந்து நிமிடம். நேற்றைய தொக்பொக்கி நேற்றையதைவிட நன்றாக இருக்காது, ஆனால் அதில் ஒரு பிடி சோறும் கருவேப்பிலை அளவுக்குக் கிள்ளிய கிம் பாசித்தாளும் போட்டு வாணலியில் முறுகவிட்டால் வேறொரு நல்ல சாப்பாடு கிடைக்கும்.

குழம்பில் படாத கட்டித் தொக் மிஞ்சினால், நவம்பர் 11-இல் செய்வதைச் செய்யுங்கள். அன்று உழவர் நாள். ‘11/11’ நான்கு குச்சிபோல் நிற்பதால் காரேதொக் நாள் என்றும் கொண்டாடுகிறார்கள். குழலை அப்படியே தணலிலோ வெறும் தவாவிலோ போட்டு, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, தேனில் தொட்டுக்கொள்வது. எங்கள் வீட்டில் தேன் தீர்ந்த ஒரு நாள் வெல்லப்பாகில் தொட்டோம். அதற்குப் பிறகு தேன் வாங்கவில்லை.